மாடியில் நிற்காத காலடி

கொரோனா சமயத்தில் கச்சிராயபாளையத்து மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"எங்க வூட்டுக்காரரு மூணு நாளா உட்காரவே மாட்டேங்கறாருக்கா," என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற?"

"சென்னையிலருந்து வந்தாரில்ல, மாடி ரூம்புல தனியா வெச்சிருக்கோம். படுத்தே கெடக்காம கொஞ்சம் நடங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. சென்னையில இவரோட அண்ணன் காய்ச்சல்ல படுத்தவரு எழுந்திரிக்கவே இல்ல. அதான், படுத்தா தானும் போயிடுவோம்னு ராவும் பகலும் நடந்துக்கினே இருக்காரு."

"இப்பவுமா?"

"காலைல சத்தம் நின்னுபோச்சுக்கா. மேல போயிப் பார்க்க எனக்குக் காலே வரல. பாதிப் படியில உட்கார்ந்துட்டேன்."

மூத்தவள் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"அப்புறம் எப்படியோ ஏறி ஜன்னல்ல பார்த்தேன். வாயைப் பொளந்துகினு தரையில கெடந்தாரு. கூப்பிடவே பயம். அப்பதான் குறட்டை கேட்டுச்சு."

"எழுப்புனியா?"

"எழுப்பினா மறுபடி நடப்பாரேக்கா. சோத்தைக் கதவாண்ட வெச்சிட்டு வந்துட்டேன். இப்ப குறட்டை வுடுறாரோ இன்னாவோ."

சொன்னவள் சட்டென்று மருந்துச் சீட்டை மூத்தவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினாள்.