தொட்டிமேல் ஓர் ஆள்

எங்கள் ஆலையில் தேநீர் இப்போது ஏழு நிமிடம் முன்னதாகவே கைக்கு வந்துவிடுகிறது. அது என் ஏற்பாடுதான். தள்ளுவண்டி போகும் வழியை மாற்றினேன், அவ்வளவே. மேம்பாட்டு அதிகாரி என்று எனக்குப் பெயர்ப்பலகை. எந்த வேலையையும் நேற்றைவிட இன்று கொஞ்சமாவது சீராகச் செய்யவைப்பது என் பொறுப்பு. ஆளுக்கு மாதம் இரண்டு யோசனை அட்டை எழுதித் தர வேண்டும். முதலில் முணுமுணுத்தவர்கள்கூடப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள்.

நீங்கள் எண்ணெய்த் தொட்டியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

இரண்டு ஆள் உயரத் தொட்டி. மாதம் ஒருமுறை காலிசெய்து, ஒருவர் உள்ளே இறங்கி அடிக்கசடைச் சுரண்ட வேண்டும். இன்னொருவர் மேலே திறப்பின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அண்ணன் என்றே அவரைக் கூப்பிடுவார்கள். மூச்சு முட்டினால் உள்ளே இருப்பவர் மூன்று தட்டுத் தட்டுவார், இவர் இழுக்க வேண்டும். பதினோரு வருடத்தில் ஒருதடவைகூட அவர் இழுத்ததில்லை. மூன்று மாதம் நேரம் குறித்துப் பார்த்தேன். மனிதர் நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவரைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினேன். கயிற்றைக் கிடங்குக்கு அனுப்பினேன். அந்த வருடத்தின் சிறந்த மேம்பாடு என்று எல்லோரும் கைதட்ட எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

உள்ளே இறங்குகிறவன் என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். ஒருநாள் என் அறைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"மேல ஒரு ஆள் இருந்தா தெம்பா இருக்கும் மாமா. உள்ள போனா சில சமயம் தலை கிறுகிறுன்னு வருது."

"அட்டையில எழுதிக் குடு."

எழுதினான். 'எவ்வளவு நேரம் மிச்சமாகும்?' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். அப்படி வரும் அட்டையைத் திருப்பிவிடுவது எல்லோருக்கும் பொதுவான விதி. சொந்தக்காரன் என்று வளைந்துகொடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

ஐந்தாவது மாதம், புதிய முறையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க நானே தொட்டிமேல் ஏறி நின்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க இருக்கீங்கல்ல மாமா, அப்புறம் என்ன," என்று சிரித்தபடி இறங்கினான்.

பதினெட்டாவது நிமிடத்தில் மூன்று தட்டுக் கேட்டது.

அளப்பவர் வேலையில் தலையிடக் கூடாது, தலையிட்டால் அளவு கெட்டுவிடும். அதுவும் நான் எழுதிய விதிதான். குரல் கொடுத்திருக்கலாம், கீழே ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கொடுத்திருந்தால் மேலே ஒருவர் வேண்டும் என்று ஆகிவிடும். அத்தனை பேர் கைதட்டியது பொய்யாகிவிடும். என்னால் முடியவில்லை, ஐயா. மறுபடி மூன்று தட்டு. பிறகு இரண்டு. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சத்தம் அடங்கி நான்கு நிமிடம் கழித்துத்தான் கீழே போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

"தம்பி கடைசியா என்ன சொன்னான்?" என்று மனைவி தினமும் கேட்கிறாள். சிரித்தான் என்று சொல்கிறேன்.

அவனைச் சாகவிட்டது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த வாக்குமூலத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். மேலே ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. மேலே நான் இருந்தேன். ஒரு பயனும் இல்லை.