பதின்மூன்றாவது லிட்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் பட்டறை முதலாளி அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் மகளே, வேலை உடுப்போடு வந்து நிற்கும் தோழர்களே, வணக்கம்.

நம் தகட்டுப் பட்டறையில் முப்பத்தோராண்டு வெட்டுக்கோடு போட்டவர், குறியிடும் பிரிவின் தலைவி, நம் கூம்பக்கா மறைந்துவிட்டார். நான் அழ வரவில்லை. பெருமைப்பட வந்திருக்கிறேன்!

கூம்பக்கா என்று ஏன் அழைத்தோம்? நுனி வெட்டிய கூம்பா, நுனி வெட்டிய பிரமிடா, எதைக் கேட்டாலும் தட்டைத் தகட்டில் வரைந்து கொடுப்பார். வெட்டி வளைத்தால் விளிம்போடு விளிம்பு மயிரிழை பிசகாமல் சேரும்!

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனை பதினைந்தாயிரம் லிட்டர் தொட்டி கேட்டது. நுனி வெட்டிய கூம்பைக் கவிழ்த்த வடிவம். அடியைப் போல மேல்வாய் மூன்று மடங்கு அகலம். வரைந்த பொறியாளர் மேல்பரப்பையும் அடிப்பரப்பையும் கூட்டி, பாதியாக்கி, உயரத்தால் பெருக்கிவிட்டார். யார் அந்தப் பொறியாளர்? நான்தான்! இன்றுவரை உங்களில் பலருக்கு இது தெரியாது.

அக்கா வரைபடத்தோடு வந்தார். "சார், இது பிடிக்காது."

"எது? தொட்டியா, நானா?"

"தண்ணி சார். ரெண்டாயிரம் லிட்டர் குறையும்."

"படிச்சுட்டு வந்து போட்ட கணக்கும்மா இது."

"படிச்சது நீங்க. ஊத்திப் பாக்கறது நான்."

சாப்பாட்டு இடைவேளையில், அகலம், உயரம் எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்காக்கி, கொள்ளளவு ஆயிரத்தில் ஒரு பங்காக வரும்படி ஒரு மாதிரித் தொட்டி செய்தார். என் கணக்குப்படி அது பதினைந்து லிட்டர் பிடிக்க வேண்டும். பட்டறையே கூடி நின்று எண்ணியது. பதின்மூன்றாவது லிட்டரில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. பதினான்காவது என் காலணியில் விழுந்தது!

"அகலம் ஒரே சீரா கூடும் சார், பரப்பு அப்படிக் கூடாது. மேலயும் கீழயும் மட்டும் பாத்தா நடுவுல ஏமாந்துருவோம்" என்றார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

முதலாளி ஓடிவந்தார். "யாரு தப்பு இது?"

அக்கா சொன்னார்: "தப்பு காகிதத்துல இருந்துச்சு முதலாளி. தகட்டுக்கு வரல."

அவ்வளவுதான். என் வேலை பிழைத்தது.

உயரத்தைக் கூட்டித் தொட்டியைச் செய்தோம். அடுத்த கோடையில் ஊரின் பெரிய குழாய் உடைந்தது. இரண்டு நாள் அந்த மருத்துவமனைக்கு அந்தத் தொட்டிதான் கதி. மறுபடி குழாயில் தண்ணீர் வந்தபோது, அடியில் மிஞ்சியது ஐந்நூறு லிட்டர். என் கணக்கில் செய்திருந்தால்? அறுவை அறையில் கிடந்தவர்கள் கதி?

இப்படி ஒருவர் நம்மோடு வேலை செய்தாரே, அது பெருமை இல்லையா?

தோழர்களே, தானியக் கிடங்குக்கான தொட்டி ஒன்று, நுனி வெட்டிய பிரமிடு, பட்டறையில் பாதி வேலையில் கிடக்கிறது. நான்கு தகட்டிலும் அக்கா போட்ட கோடு அப்படியே இருக்கிறது. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதிரி செய்து ஊற்றியும் பார்த்தேன். சரி! இனி ஊற்றிப் பார்க்காமல் இந்தப் பட்டறையில் ஒரு தகடும் வெட்டப்படாது. இது என் உறுதி.

நாளைக் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வாருங்கள். அக்காவின் கோட்டின்மேல் வெட்டுவோம்.