பீரோவில் முட்டிய லிஃப்ட்

– நில்லு, நில்லு, நில்லு... ஏய், பீரோ.

– முட்டிட்டேன்.

– கண்ணைத் தொறந்துக்கிட்டே போய் முட்டுறியேடி. வலிக்குதா?

– கம்ப்யூட்டருக்கு வலிக்காதுங்க. உங்க வீட்டுக்காரிக்குத்தான் வலிக்கும். 'ஏறு'ன்னு எழுதி வச்சீங்க, ஏறினேன்.

– ஏழாவது மாடியில நிக்கணும்னு எழுதியிருக்கேனே. இதோ பாரு, நோட்டுல ரெண்டாவது வரி. 'மாடி ஏழுக்குக் குறைவா இருக்கிற வரைக்கும் ஏறு.'

– படிச்சேன்.

– படிச்சியா? ஒரு டைல்ஸ் ஒரு மாடின்னு பேசிக்கிட்டோம். வாசப்படி கிரவுண்ட் ஃப்ளோர். ஏழாவது டைல்ஸ் இங்க, பாய் சுருட்டி வச்சிருக்கே, இங்க. நீ பாயைத் தாண்டி, தையல் மெஷினைத் தாண்டி, மொட்டை மாடியைப் பிச்சுக்கிட்டு வானத்துக்கே போயிட்ட.

– காத்து நல்லாத்தான் வந்துச்சு.

– கிண்டலா? இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் வீட்டுல ஒரு லிஃப்ட் இப்படிப் போய் முட்டலாமா?

– அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. நாளைக்கு டெஸ்ட்டுல டீச்சரம்மா முன்னாடி இதே மாதிரி முட்டிச்சுன்னா...

– வாயைக் கழுவு.

– கழுவறேன். கன்ட்ரோல் ரூம் வேலை வேணும்ல உங்களுக்கு?

– வேணும். மேனேஜர் கறாரா சொல்லிட்டாரு. புது லிஃப்ட் தானா ஓடும், ஓட்ட ஆள் வேண்டாம். கம்ப்யூட்டர் கோர்ஸை முடிச்சு சர்டிஃபிகேட்டோட வந்தா கன்ட்ரோல் ரூம்ல நாற்காலி இருக்கு. இல்லாட்டி... சரி, அதை இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு. வாசப்படிக்குப் போ. பாவம், ஓவர்டைம் பாத்துட்டு வந்தவளை பீரோவுல முட்ட வச்சுட்டேன்.

– பரவாயில்ல. நாள் பூரா உக்காந்து சட்டைக்குக் காஜா எடுத்துட்டு வர்றவளுக்கு இதுவாவது கொஞ்சம் நடை. இதோ, சைபர்ல நிக்கிறேன். கையில இருக்கிற சிலேட்டுலயும் 'மாடி சைபர்'னு எழுதியிருக்கு.

– சைபர்லேருந்து எண்ணறதுல மட்டும் நான் தப்பே பண்ண மாட்டேன். முதல் நாள் வகுப்புல சின்னப் பசங்க எல்லாம் ஒண்ணுலேருந்து எண்ணிட்டு முழிச்சாங்க. நான்தான் எழுந்து சொன்னேன்...

– கிரவுண்ட் ஃப்ளோர் சைபர்தானேன்னு. டீச்சரம்மா கை தட்டினாங்க. இதோட பதினெட்டு தடவை ஆச்சு.

– கம்ப்யூட்டர் எதிர்த்துப் பேசாது.

– சரி, பேசல. ஒவ்வொரு வரியா சொல்லுங்க.

– சிலேட்டுல என்ன இருக்கு?

– சைபர்.

– ஏழுக்குக் குறைவா?

– குறைவுதான்.

– அப்ப ஏறு.

– ஒரு டைல்ஸ் ஏறிட்டேன்.

– மறுபடி சிலேட்டைப் பாரு.

– சைபர்.

– அதெப்படி? ஒண்ணுலல்ல நிக்கிற.

– காலு ஒண்ணுல நிக்குது. சிலேட்டுல சைபர்தான் இருக்கு. அதை மாத்துன்னு நீங்க எழுதலையே.

– அது தானா மாறும்டி. லிஃப்ட் ஏறினா கதவுக்கு மேல நம்பர் தானா மாறும். நான் என்னிக்கு அதைக் கையால மாத்தியிருக்கேன்?

– அது உங்க லிஃப்ட்டுல. இங்க தானா எதுவும் மாறாது. 'மாடியில ஒண்ணைக் கூட்டு'ன்னு ஒரு வரி போட்டாத்தான் மாறும். இல்லாட்டி ஏறுவேன், சிலேட்டைப் பாப்பேன், சைபர்தான் இருக்கும், மறுபடி ஏறுவேன். பீரோ இல்லேன்னா இந்நேரம் பக்கத்து வீட்டு ஹால்ல போய் நின்னு அவங்களோட டிவி பாத்துக்கிட்டு இருப்பேன்.

– சனியன் பிடிச்ச வரி. அன்னிக்கும் இதேதான் விட்டுப் போச்சு.

– என்னிக்கு?

– எப்பவோ. எழுதிட்டேன். 'மாடியில ஒண்ணைக் கூட்டு.' அடுத்த வரி, 'கதவைத் தொற.' நீ ஓட்டு.

– ஏறினேன். ஒண்ணு கூட்டினேன். கதவைத் தொறந்தேன். ஏறினேன். கூட்டினேன். கதவைத் தொறந்தேன்...

– இரு, இரு. எதுக்கு ஒவ்வொரு மாடியிலயும் கையை விரிக்கிற? தபால்காரர் மாதிரி வாசலுக்கு வாசல் நின்னா ஏழாவது மாடிக்கு எப்பப் போய்ச் சேர்றது?

– கதவையும் 'ஏறு'வுக்குக் கீழயே நேரா எழுதி வச்சிருக்கீங்க. ஓரத்தை விட்டுத் தள்ளி எழுதின வரியெல்லாம் ஒரே கூட்டம். சுத்தறப்பெல்லாம் அதையும் சேத்துத்தான் செய்வேன். கதவு கடைசியில மட்டும் தொறக்கணும்னா அதை இழுத்து ஓரத்துல போடுங்க.

– நீ ரொம்பத்தான் விவரமா இருக்கியே. யாருடி சொல்லிக் குடுத்தா?

– நீங்கதான். முந்தாநாள் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?

– சொன்னேனா? ...ஆமா, சொன்னேன். வகுப்புல அப்படித்தான் சொன்னாங்க. சரி, ஓரத்துல போட்டாச்சு. வா.

– ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. சிலேட்டுல ஏழு. ஏழுக்குக் குறைவா? இல்ல. நின்னுட்டேன். பாய்க்குப் பக்கத்துல, சொன்ன இடத்துல. கதவைத் தொறந்தாச்சு.

– அப்பாடா. நின்னுச்சு பாத்தியா. இப்ப மூணு எண்ணிட்டு மூடு.

– ஒண்ணு, ரெண்டு, மூ...

– மூடாத. ஆள் ஓடி வந்தா?

– புஸ்தகத்துல அப்படி எதுவும் இல்லையே.

– புஸ்தகம் எழுதினவரு லிஃப்ட் ஓட்டியிருக்க மாட்டாரு. ஏழாவது மாடியில கண் ஆஸ்பத்திரி. கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு, செவுத்தைத் தடவிக்கிட்டு வருவாங்க. வராண்டா முனையில அவங்க தலை தெரிஞ்சாப் போதும், கையைக் குறுக்க வச்சு நின்னுடுவேன். உள்ள நிக்கிறவங்க முணுமுணுப்பாங்க. முணுமுணுத்துக்கட்டும்.

– எவ்வளவு நேரம் நிப்பீங்க?

– அதென்ன கேள்வி? ஆள் கண்ணுல பட்டாச்சுன்னா, வர்ற வரைக்கும்.

– பாதி வழியில திரும்பிப் போயிட்டா?

– ஏன் திரும்பிப் போறாங்க?

– சும்மா... இவ்வளவு பேரைக் காக்க வைக்கிறோமேன்னு கூச்சப்பட்டுக்கிட்டு.

– போகட்டும்னு விட மாட்டேன். 'வாங்க, நான் நிக்கிறேன், மெதுவா வாங்க'ன்னு ஒரு குரல் குடுப்பேன்.

– அப்ப அதை எழுதுங்க. 'ஆள் வர்ற வரைக்கும் கதவை மூடாதே.'

– எழுதியாச்சு. குரல் குடுக்கறதையும் போடணுமா?

– போடுங்க. இப்படியே கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறேனே, ஆள் வந்தாச்சா இல்லையா?

– இன்னும் வரலையே.

– கை கடுக்குதுங்க.

– சரி, வந்தாச்சு. உக்காரு. தண்ணி குடி.

– நீங்களும் உக்காருங்க. நல்லா வந்திருக்கு. இப்படியே நாளைக்கு எழுதினீங்கன்னா ஸ்கிரீன் பூரா சைபரா ஓடாது.

– ஓடாது. ஓடவே... இரு. இப்ப என்ன சொன்ன?

– என்ன சொன்னேன்?

– ஸ்கிரீன் பூரா சைபர்னு சொன்ன. அதை நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே.

– சிலேட்டு பூரான்னு சொல்ல வந்தேன்.

– சிலேட்டுல ஒரே ஒரு சைபர்தான் இருந்துச்சு.

– வாய் தவறிடுச்சு, விடுங்க. இன்னிக்கு வகுப்பு எப்படி இருந்துச்சு?

– பேச்சை மாத்துறா பாரு... நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கு டெஸ்ட்டுல்ல, எல்லாத்தையும் இன்னொரு வாட்டி சொன்னாங்க.

– கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தீங்களா?

– பின்ன? மூணு தடவை போட்டுப் பாத்தேன். ஜம்முனு ஓடிச்சு.

– ஃபேன் ஓடிச்சா?

– ஃபேனா? ஓடிச்சே. எதுக்குக் கேக்கற?

– ஒண்ணும் இல்ல. ரெண்டு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் அந்தத் தெரு பூரா கரண்ட் இல்லையாம். டீச்சரம்மா வேர்க்க விறுவிறுக்க போர்டுலதான் எழுதிப் போட்டாங்களாம். திருதிருன்னு முழிக்காதீங்க. அசடு வழியுது, தொடச்சுக்குங்க.

– யார் சொன்னா?

– யாரோ சொன்னாங்க. கரண்ட் இல்லாத கம்ப்யூட்டரை எப்படி ஓட்டினீங்க? என் தையல் மெஷின் மாதிரி மிதிச்சா?

– கிண்டல் பண்ணாத.

– சரி, பண்ணல.

– நான்... வகுப்புக்குப் போறதில்ல.

– ம்.

– என்ன 'ம்'? திட்ட மாட்டியா?

– முதல்ல சொல்லி முடிங்க. எத்தனை நாளா?

– இன்னியோட பன்னண்டு. மூணு மணிக்கு நோட்டைத் தூக்கிட்டுக் கிளம்புவேன்ல, நேரா நான் லிஃப்ட் ஓட்டின பில்டிங்குக்குத்தான் போவேன். வாட்ச்மேன் ஸ்டூல் போடுவாரு. உக்காந்து புது லிஃப்ட்டைப் பாத்துக்கிட்டே இருப்பேன். தானா தொறக்குது, தானா மூடுது. நேத்து ஒரு அம்மா கண்ணுல மருந்தோட வந்தாங்க. மூஞ்சிக்கு நேரா மூடிக்கிச்சு. எழுந்து ஓடறதுக்குள்ள போயிடுச்சு.

– வகுப்புக்குப் போறதை எதுக்கு நிறுத்தினீங்க? சிரிச்சாங்களா?

– சிரிச்சிருந்தா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன். லிஃப்ட் கணக்குத்தான் அன்னிக்கும். எல்லாரும் பாக்க பெரிய ஸ்கிரீன்ல என்னோடதைப் போட்டாங்க. சைபர், சைபர், சைபர்னு ஓடுது, நிக்கவே மாட்டேங்குது. எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. பக்கத்து நாற்காலிப் பொண்ணு, நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும், கீபோர்டை மெதுவா அவ பக்கம் இழுத்து, 'விடுங்க அங்கிள், நான் அமுக்கறேன்'னு அமுக்கினா. நின்னுடுச்சு.

– நல்ல பொண்ணுதானேங்க.

– நல்ல பொண்ணுதான். அவ மேல என்ன தப்பு? இருபத்திரண்டு வருஷமா அந்த பில்டிங்குக்கு வந்தவங்க போனவங்க எல்லாருக்கும் நான்தான் பட்டன் அமுக்கிக் குடுத்தேன். அன்னிக்கு எனக்கு ஒருத்தர் அமுக்கிக் குடுக்கற மாதிரி ஆயிடுச்சு. ரொம்ப அவமானமாப் போச்சுடி. மறுநாள் அந்தப் பக்கம் காலே போகல.

– என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.

– எப்படிச் சொல்றது? அஞ்சரைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே 'இன்னிக்கு என்ன பாடம்'னு கேப்ப. அதுக்காகவே ஸ்டூல்ல உக்காந்து புஸ்தகத்தைப் படிச்சு வச்சுப்பேன். வகுப்புல சொன்ன மாதிரி உனக்குக் கதை விடுவேன். நீயும் நம்பிக்கிட்டு சிலேட்டைத் தூக்கிட்டு வந்து நிப்ப. அப்பல்லாம் மனசு என்னமோ பண்ணும்.

– கதை விட்டுக் கதை விட்டே பாடத்தை முடிச்சுட்டீங்க. வகுப்புலயும் இதுவரைக்கும்தான் வந்திருக்கு.

– முடிச்சு என்ன புண்ணியம்? பத்து நாள் சேர்ந்தாப்புல வராட்டி பேரை அடிச்சுட்டு, காத்துக்கிட்டு இருக்கிற ஆளுக்கு இடத்தைக் குடுத்துடுவோம்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. இந்நேரம் என் நாற்காலியில வேற யாராவது உக்காந்திருப்பாங்க.

– உக்காந்திருக்காங்க.

– பாத்தியா, நான் சொல்லல?

– ஜன்னலோரம், மூணாவது வரிசை. கீபோர்டுல ரெண்டு பட்டன்ல எழுத்து தேஞ்சு போயிருக்கும். நாற்காலிக்கு ஒரு காலு கட்டை, அட்டை மடிச்சு வச்சிருக்கீங்க.

– அந்த அட்டை நான் வச்சது... உனக்கு எப்படி...

– நீங்க வகுப்புக்குப் போகாத முதல் நாள், கண்ணாடியை வீட்டுல மறந்துட்டுப் போயிட்டீங்க. குடுத்துட்டுப் போகலாம்னு ஷிஃப்ட் முடிஞ்சதும் அங்க வந்தேன். நாற்காலி காலியா இருந்துச்சு. அந்தப் பொண்ணு எழுந்து வந்து எல்லாத்தையும் சொல்லிட்டு ஒரே அழுகை. இப்பவும் தினம் கேக்குது, 'அங்கிள் இடுப்பு எப்படி இருக்கு'ன்னு.

– என் இடுப்புக்கு என்ன?

– பிடிச்சுக்கிச்சு. கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே முடியல உங்களால. உடம்பு முடியாதவங்களுக்காக வீட்டுலேருந்து ஒருத்தர் வந்து பாடத்தை எழுதிக்கிட்டுப் போனா பேரை அடிக்க மாட்டாங்களாம். அதனால நாளைக்குப் போறப்ப கொஞ்சம் நொண்டிக்கிட்டே போங்க.

– வீட்டுலேருந்து யாரு வந்து... ஏய், நீ ஓவர்டைம்னுல்ல சொன்ன?

– எங்க ஃபேக்டரியில ஓவர்டைமை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சுங்க. பன்னண்டு நாளா உங்க நாற்காலியில உக்காந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், கை கடுக்குது... மெதுவா வாங்க, ஆனா வந்துடுங்க.