நம்பர் இறங்கின காரணம்

...ஊசி மேல கோபமில்லக்கா, இந்தத் தைராய்டு டெஸ்ட் மேலதான். ஆறு மாசத்துல மூணாவது தடவ. மொதல்ல நம்பர் ஏறிக் கெடக்குன்னு மாத்திரை குடுத்தாங்க. புள்ள பெத்த உடம்பு, சரின்னு முழுங்கினேன். நல்லாத்தான் தெளிஞ்சேன். ரெண்டாந் தடவ, நம்பர் அதல பாதாளத்துக்குப் போயிருச்சாம், மாத்திரை அதிகமாம். டாக்டரம்மா பாதியாக் கொறச்சுட்டாங்க.

அதுலேருந்து அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நேத்து புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே தூங்கிட்டேன்க்கா. மடியிலேருந்து வழுக்கிப் போறான், தெரியல. மாமியார்தான் ஓடி வந்து புடிச்சாங்க. ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன்.

இன்னிக்கும் நம்பர் கீழ இருந்தா மாத்திரையவே நிறுத்திருவாங்களாம். நிறுத்தினா நான் எந்திரிக்கறதெப்படி, அவனத் தூக்கறதெப்படி?

இந்த லேப்தான் சரியில்ல. வேற என்ன மாத்திரை சாப்புடறீங்கன்னு ரத்தம் எடுக்கற பொண்ணு நான் வரும்போதெல்லாம் கேக்குது. ஒண்ணுமில்லன்னுதான் சொல்றேன். எதுத்த வீட்டுக்காரி சொன்னாளேன்னு முடிக்கு ஒரு வைட்டமின் போடறேன், அதெல்லாம் கணக்கா? மூஞ்சிக்குப் பவுடர் போடறதச் சொல்லுவமா? ரெண்டாவது டெஸ்டுக்கு முன்னாடி ஆரம்பிச்சது. மாத்திரையக் கொறச்சதும் முடி கொத்துக் கொத்தா வந்துச்சா, ரெண்டா ஏத்திட்டேன். இன்னிக்குக் காலைலயும் போட்டுட்டுத்தான் வந்தேன். வெறும் வயித்துல வரச் சொன்னாங்க, அது என்ன சோறா?

ஏன்க்கா அப்பிடிப் பாக்கறீங்க? என் தலைக்கு மேலயா? இருங்க, திரும்பிப் பாக்கறேன்... செவுத்துல ஏதோ நோட்டீசு... 'முடி, நகத்துக்கான... வைட்டமின் சாப்பிடுவோர்... தைராய்டு டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணும். முடிவு... தப்பாக் காட்டலாம்.'

ம்.

போன ரெண்டு தடவையும் இதே பெஞ்சுலதான்க்கா உக்காந்தேன். இதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு.

அப்ப எறங்குனது என் நம்பரே இல்லியா? நானே எறக்கிட்டு, நானே தூங்கி விழுந்து... அந்த டாக்டரம்மாவ வீதியெல்லாம் திட்டிவச்சிருக்கேனே. எங்க வீட்டுக்காரர்கிட்ட வேற லேப் பாருங்கன்னு சண்டையே போட்டேன்.

டோக்கன் இருபத்தாறா? நாந்தான். தோ, வரேன்மா, ஊசியப் பிரிச்சிராத. இன்னிக்கு எடுக்க வேணாம். ரெண்டு நாள் கழிச்சு வரேன், ஏன்னு சொல்றேன் இரு...

அக்கா, நீங்களும் கொஞ்சம் வாங்களேன். தனியாப் போனா, ஒரு மாத்திரைதான் போட்டேன்னு சொல்லிருவேன்.