கலெக்டர் போட்ட எல்லைக்கோடு

மைக்குப் பக்கத்துல அந்த நிலம் அளக்கிற மெஷினை வச்சிருக்காங்க. அதுல ஒரு பச்சை விளக்கு... மினுக் மினுக்குன்னு. மேடை ஏறினதுலேர்ந்து நான் உங்க யார் மூஞ்சியையும் பார்க்கலை, அதைத்தான் பார்த்துட்டு நிக்கிறேன்.

எனக்குப் பேச்சு வராதுங்க. குட்டியா ஒரு கதை இருக்கு... அதைச் சொல்லிட்டு இறங்கிடுறேன்.

நம்ம பொம்மி அத்தை... அதோ, முந்தானையால மூஞ்சியை மூடிக்கிறாங்களே, அவங்கதான். அவங்க ஆட்டுக்கிடாய்க்குப் பேரு என்ன? சத்தமாச் சொல்லுங்க... கலெக்டர்! ஏன் அந்தப் பேரு? அது வந்தா எல்லாரும் வழி விடணும். அதான்.

போன மாசம் அத்தைக்கு வன உரிமைப் பட்டா குடுக்க நிலம் அளக்க வந்தாங்க. சர்வேயர் மெஷினை அத்தை கையில குடுத்து, "அம்மா, உங்க நிலத்து ஓரமாவே ஒரு சுத்து நடந்து வாங்க. நீங்க நடக்கிற வழியை இது கோடாப் போட்டுக்கும், அதுதான் எல்லை"ன்னாரு. அத்தை சாமி விளக்கைத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திட்டு நடந்தாங்க.

பாதி சுத்துல என்ன ஆச்சு? கிடாய் கயித்தை அத்துக்கிட்டு ஓடுது!

"ஐயோ கலெக்டர்! கலெக்டர் ஓடுறாரு!"

சர்வேயர் மலைக்குப் புதுசு, பாவம். சட்டையை உள்ள செருகிட்டு, "எங்கம்மா? எந்தப் பக்கம் வர்றாரு?"ன்னு ரோட்டைப் பார்த்து விறைப்பா நிக்கிறாரு. அத்தை மெஷினும் கையுமா கிடாய் பின்னாடியே ஓடுறாங்க. அது ராகிக் கொல்லைப் பக்கமே போகலை. குறுக்கால பாய்ஞ்சு, பக்கத்துல இருக்கிற ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஆபீசுக்குள்ள பூந்து, கக்கூஸை ஒரு சுத்து சுத்தி... அப்புறம்தான் சிக்குச்சு.

வரைபடம் வந்துச்சு. பார்த்தா? சோறு போடுற ராகிக் கொல்லை வெளிய... ரேஞ்சர் கக்கூஸ் உள்ள!

அத்தை அழுதுட்டாங்க. ராகி போனா அந்த வீட்ல என்ன களி கிண்டுறது? அந்த நேரம் பார்த்து ரேஞ்சர் வர்றாரு. "ஏம்மா, எங்க கக்கூஸ் உன் நிலத்துல வருதே!"

அத்தை கண்ணைத் துடைச்சாங்க. "வரட்டும் சார். நாங்க விறகு பொறுக்க உங்களைக் கேட்டுட்டுத்தானே போறோம்? நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

மறுநாள் விடிஞ்சதும் ரேஞ்சர் வாளியோட நிக்கிறாரு. வேணும்னே விளையாட்டுக்குத்தான். "அம்மா... போகலாமா?"

அத்தை விடுவாங்களா? விறகுக்குப் போறப்ப அவர் நம்மகிட்ட கேக்கிறதையே திருப்பிக் கேக்குறாங்க. "எதுக்குப் போறீங்க? கூட யாரு? எப்ப திரும்புவீங்க? எதையாச்சும் ஒடிச்சுட்டு வந்தீங்க, பாத்துக்கங்க!"

அவர் சிரிச்சு சிரிச்சு வாளியைக் கீழ போட்டுட்டாரு. போன்ல சர்வேயரைக் கூப்பிட்டு, "சார், திரும்ப வந்து அளந்துடுங்க. என் வயிறு தாங்காது"ன்னாரு. அளந்தாங்க. ராகிக் கொல்லை உள்ள வந்துடுச்சு.

இதை ஏன் சொல்றேன்? இன்னிக்கு நம்ம எல்லார் நிலத்தையும் அளக்கப் போறாங்க. ஏதாச்சும் வேலை இருக்குன்னு வீட்ல இருந்துடாதீங்க. ஒரு ஆடு நடந்தாலே அது எல்லையாயிடுதே... நாம நடந்தா ஆகாதா? நாம நடக்கலைன்னா, நாற்காலியில உட்கார்ந்தே நமக்கு யாராச்சும் கோடு போட்டுடுவாங்க. அப்ப நம்ம கொல்லை எந்தப் பக்கம் நிக்கும்?

முதல்ல எங்க நிலமாம். இந்தாங்க மைக்... மெஷினை நான் எடுத்துக்கிறேன்.

அத்தை, கலெக்டரை இறுக்கிக் கட்டுங்க. நான் நடக்கப் போறேன்.