அஞ்சாவது கட்டத்தின் இடது ஓரம்

— அழிச்சது நான்தான் மச்சான், சத்தியமா ஒத்துக்கிறேன். ஆனா எதை வச்சு அழிச்சேன்னு கேட்டா நீயே சிரிச்சிடுவே.

— சிரிக்க மாட்டேன். சொல்லு.

— லீட்ஸ்ல டெஸ்ட் மேட்ச். உன் அக்கா பெரிலோட கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. சரி, பதிவு பண்ணி வச்சிட்டுப் போவோம்னு கைக்குக் கிடைச்ச வீடியோ டேப்பைச் சொருகிட்டுப் போனேன். வந்து போட்டுப் பாத்தா ஒரு மணி நேரம் முழுக்க மழை. பிட்ச் மேல தார்ப்பாய். ரெண்டு அம்பயர் குடையைப் பிடிச்சிக்கிட்டு வானத்தைப் பாக்கிறாங்க. ஒரு பந்துகூட போடல மச்சான்.

— டேப்புல எழுதியிருந்தேனே. 'ரிவியேரா 2, அஞ்சாவது கட்டம், தொடாதே.'

— பெட்டி மேல எழுதியிருந்தே. டேப்பு வேற பெட்டியில இருந்தது. யாரு மாத்தி வச்சதுன்னு கேக்காதே. இந்த ரூம்ல இருக்கறது ரெண்டே பேரு, அதுல ஒழுங்கானவன் நீ.

— எப்ப நடந்தது இது?

— ஜூலையில.

— இப்ப செப்டம்பர், கிளிஃப்.

— சொல்லலாம்னு பலதடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வேற ஒரு ஜோக்கு வந்துடுச்சு.

— வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் ஆட்டத்தைக் கம்பெனிக்குக் குடுத்தாகணும். நாலு கட்டம்தான் கையில இருக்கு.

— நாலும் பிரமாதம். நீ வரைஞ்சதாச்சே. ஹடர்ஸ்ஃபீல்ட்ல ஒரு கம்பளிநூல் கடை மாடியில உக்காந்து, கண்ணால பாக்காத பிரெஞ்சுக் கடற்கரையை வரைய உன்னை விட்டா யாரு? மூல ஆட்டத்தைப் பண்ணின ஜப்பான்காரன் நமக்கு என்னத்தை அனுப்பினான்? ஒரு போஸ்டர், காசு போட்டு ஆடுற மெஷின் ஒண்ணு, அதோட சாவி. புரோகிராமைக் காட்டுங்கய்யான்னு எழுதிக் கேட்டதுக்கு ரொம்ப மரியாதையா ஒரு கடுதாசி. முடியாதுன்னு அவ்வளவு அழகா யாருமே எங்கிட்ட சொன்னதில்ல. உன் அக்கா உட்பட.

— போன தடவையும் இதேதான்.

— ஆமா. முதல் ரிவியேரா ஆட்டத்துக்கும் இதேதான். மெஷின்ல நீ ஆடு, நான் கேமராவைத் திருப்புறேன். டேப்பை நிறுத்தி வச்சு, டிவி மேல சாண்ட்விச் சுத்துற கண்ணாடித்தாளை ஒட்டி, பேனாவால மரம், மலைன்னு மேலயே வரைஞ்செடு. அதை நான் அந்த ரப்பர் பட்டன் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்குள்ள திணிச்சதும் என்ன ஆச்சு? ரோடு மஞ்சள், காரும் மஞ்சள். புல்லுல ஏறினா கார் பச்சை ஆயிடும். பத்திரிகைக்காரன் நூத்துக்கு நாப்பத்தொண்ணு போட்டான். 'பழைய சூப்பு மேல கார் ஓட்டுற அனுபவம்'னு எழுதினான் பாரு.

— அதே பத்திரிகையில உன் பேட்டியும் வந்தது.

— ஐயோ, அதை இன்னும் நீ மறக்கலையா?

— 'படம் யாரு போடுறாங்க?'ன்னு கேட்டான். நீ என்ன சொன்னே?

— தமாஷுக்குச் சொன்னது மச்சான்.

— என்ன சொன்னே?

— 'எங்க வீட்டுல ஒரு மச்சான் இருக்காரு, கோட்டுக்கு வெளிய போகாம கலர் அடிப்பாரு'ன்னேன். அந்த ஆளு விழுந்து விழுந்து சிரிச்சான்.

— அச்சுல சிரிப்பு வரல. வெறும் வாக்கியம்தான் வந்தது. ஆட்டப் பெட்டி மேலயும் உன் பேரு மட்டும்தான் வந்தது.

— அட்டையில இடம் பத்தலைன்னு கம்பெனிக்காரன்...

— சரி விடு. அந்த மெஷின் இப்ப எங்க இருக்கு?

— ஜூன்லயே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்களே, நாலு பேரு படியில இறக்கி. இப்ப பிளாக்பூல்ல, கடல் மேல கட்டின பாலத்துல இருக்கு. நான் நேத்து போயிட்டுத்தான் வர்றேன்.

— நீ? போய் ஆடினியா?

— கோட்டுக்குள்ள கேமராவை மறைச்சுக்கிட்டு, பாக்கெட் நிறைய சில்லறையோட. அங்க சாவியும் இல்ல, திருட்டுத்தனமா நேரத்தைக் கூட்டுற பட்டனும் இல்ல. நேர்மையா ஓட்டணும். நேர்மையா ஓட்டி நான் ரெண்டாவது கட்டத்தைத் தாண்டல. இந்த ஆட்டத்தை ரெண்டு வருஷமா கம்ப்யூட்டருக்குள்ள கட்டிக்கிட்டு இருக்கிறவன் நான்! பின்னால வரிசையில நின்ன ஒரு அம்மா, ஐஸ்கிரீமை நக்கிக்கிட்டே, 'பிரேக்கு இடது பக்கம் இருக்கு கண்ணு'ன்னு சொல்லுது.

— கேமராவுல என்ன கிடைச்சது?

— என் கோட்டோட உள்பக்கம். அதனாலதான் உன் கால்ல விழுறேன். நாளைக்கு ஒரு எட்டு என்னோட வந்து அஞ்சாவது கட்டம் வரைக்கும் ஓட்டிக் குடு. போற வழியில திங்க சூடா மீட் பை வாங்கித் தர்றேன்.

— போக வேண்டாம்.

— ஏன்?

— ஞாபகம் இருக்கு. நேத்து நீ போன்ல உளறினப்பவே அஞ்சாவது கட்டத்து டேப்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு புரிஞ்சது. ராத்திரி உக்காந்து வரைஞ்சிட்டேன். இந்தா.

— என்னது இது? மொத்த கட்டமுமா?

— குகையில இருந்து கொடி வரைக்கும். சதுரக் கோடு போட்ட தாளு, பதினெட்டு இருக்கும். நீ சதுரம் சதுரமா நம்பரைக் கம்ப்யூட்டர்ல அடிச்சு ஏத்த வேண்டியதுதான்.

— அடப்பாவி! கண்ணுல தண்ணி வருது எனக்கு. நான் ஜூலையில இருந்து தூங்கல, பெரில் டாக்டர்கிட்ட போகச் சொல்றா, நீ பொசுக்குன்னு பாக்கெட்டுல இருந்து கடற்கரையை எடுத்து நீட்டுறே.

— டீ ஆறுது. குடிச்சிட்டு வேலையைப் பாரு.

— பாக்குறேன், பாக்குறேன். குகை. வெள்ளைச் சுவரு. ஊசி மாதிரி நிக்கிற மரம் ஏழு. வலது வளைவு, நீளமானது. அப்புறம் மணல்ல குடை... எத்தனை இது, பதினொண்ணா?

— பதினொண்ணு. நாலாவது மட்டும் சாஞ்சிருக்கும்.

— நாலாவது சாஞ்சிருக்கும்! எனக்கு என் கல்யாண நாளு ஞாபகம் இருக்காது. உனக்கு நாலாவது குடை!

— பல தடவை ஓட்டியிருக்கேன்ல.

— பாரு மச்சான், இதனாலதான் சொல்றேன். இதை வெள்ளிக்கிழமை குடுத்துட்டா கம்பெனிக்கார லாக்வுட் அமிகா கம்ப்யூட்டர் வேலையையும் நமக்குத்தான் தருவான். வாயால சொல்லியிருக்கான்: 'சின்னதை நேரத்துக்கு முடிங்க, பெரிய கம்ப்யூட்டருக்கும் உங்களையே நினைச்சுக்கிறோம்'னு. மஞ்சள்ல மஞ்சள் கிடையாது. கார் சிவப்பா இருந்தா சிவப்பாவே இருக்கும், நீ வரைஞ்சது வரைஞ்சபடி தெரியும். அதுவும் நாம ரெண்டு பேரும்தானே?

— முதல்ல இதை முடி.

— முடிப்போம். அது சரி, ரெண்டு பேரும்தானே?

— ஒன்பதாவது தாள்ல வளைவோட எண்ணு இருக்கு. அதை அடி.

— அடிக்கிறேன். பதில் சொல்லாம இருக்கறதுல நீயும் ஜப்பான்காரனும் அண்ணன் தம்பி. ஒன்பது... பத்து... பதினொண்ணு... ஏய், பன்னெண்டுல இடது ஓரம் வெத்தா இருக்கே?

— ஆமா.

— குடை முடிஞ்சதும் நாலு நொடிக்கு எதுவுமே இல்ல. வலது பக்கம் கடல் இருக்கு, ரோடு இருக்கு, இடது பக்கம் வெள்ளைத்தாளு.

— அது ஞாபகம் இல்ல. ஏதாவது போட்டுக்கோ. ஒரு பாறை.

— ஏதாவதா? நீயா சொல்றே? மூணாவது கட்டத்துல ஒரு ஜன்னலுக்கு நான் கதவைப் போட்டுட்டேன்னு ரெண்டு நாள் பேசாம இருந்த ஆளு!

— நேரம் இல்ல மாப்ளே. பாறை போடு.

— சரி, பாறை. மனசு நிறைஞ்சிருக்கு, மலையே போடச் சொன்னாலும் போடுவேன். இரு, உனக்கு ஒண்ணு காட்டணும். வெள்ளிக்கிழமை காட்டலாம்னு வச்சிருந்தேன், என்னால வாயைக் கட்ட முடியல. இங்க பாரு. கொடியைத் தாண்டினதும் ரோட்டுக்கு மேல ஒரு பலகை வரும். படிச்சியா?

— என் பேரு.

— 'நெவில் துவைட்.' முழுசா. கம்பெனிக்காரன் அட்டையில என்னத்தையோ போட்டுட்டுப் போறான், ஆட்டத்துக்குள்ள அவன் கை வைக்க முடியாதுல்ல? ஜெயிச்சவன் முதல்ல பாக்கிறது உன் பேருதான்.

— மெமரியில இடமே இல்லைன்னியே. ஒரு எழுத்துக்கூட நுழையாதுன்னு.

— நுழையாதுதான். உன் பேரு இங்கிலீஷ்ல இடைவெளியோட பதினஞ்சு. ஆரம்பத்துல என் பேரு இருந்ததே, அதைத் தூக்கினேன். பதிமூணு கிடைச்சது.

— உன் பேரையா எடுத்தே?

— அதை வச்சு யாரு என்ன பண்ணப் போறா? மிச்சம் ரெண்டு வேணும். ஒரு கடல்பறவையோட ரெக்கையைப் பிடுங்கிட்டேன். பாவம், ஒத்தை ரெக்கையில சுத்துது. யாரும் கவனிக்க மாட்டாங்க.

— எதுக்கு இதைப் பண்ணினே?

— அந்தப் பேட்டிக்கு. மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்ல, கேட்டா அதுலயும் ஒரு ஜோக்கு வந்து விழும். புரோகிராமுக்கு அந்த வியாதி கிடையாதே. ஏன் ஜன்னல் பக்கம் போறே? இப்படி வா. அந்தப் பன்னெண்டாவது தாளை முடிச்சிடுவோம். பாறை எவ்வளவு பெருசு வேணும்? வெத்து இடத்தோட ஓரத்தை அளந்து சொல்றேன், இரு. கீழ அகலம். மேல வந்து குறுகுது. அப்புறம் உருண்டையா... வேடிக்கையா இருக்கு, நெவில்.

— எது?

— குடை பதினொண்ணும் ஞாபகம் இருக்கு. சாஞ்சது எதுன்னு ஞாபகம் இருக்கு. அதை அடுத்து வர்ற நாலு நொடி மட்டும் இல்ல. அதுவும் முழுசா விட்டுப்போகல, இந்த வடிவம் மட்டும் விட்டுப்போயிருக்கு.

— மறதிக்கு என்ன வடிவம்? பாறையைப் போடு.

— அந்த டேப்பு எடுத்த அன்னைக்கு நீ ஓட்டிக்கிட்டு இருந்தே. கேமரா முக்காலியில. நான் மீனும் சிப்ஸும் வாங்கிட்டு வந்து பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்தேன். 'தள்ளு, உன் தொப்பை கேமராவை மறைக்குது'ன்னு கத்தினே. வினிகர் ஊத்துற மும்முரத்துல நான் நாலு நொடி கழிச்சுத்தான் நகந்தேன்.

— கிளிஃப்.

— இது பாறை இல்ல மச்சான். இது என் தலை. கீழ இருக்கறது தொப்பை. இதோ நீட்டிக்கிட்டு இருக்கே, இது சிப்ஸ் பொட்டலம். ஓட்டினவன் கண்ணுக்கு நான் குறுக்க வரல. கேமராவுக்குத்தான் வந்தேன். நீ இதை ஞாபகத்துல இருந்து வரையல.

— இல்ல.

— டேப்புக்கு நகல் இருக்கு.

— இருக்கு.

— அப்ப ரெண்டு மாசம் நான் தூங்காதது... அதை விடு, அது எனக்கு வேணும்தான். எப்ப எடுத்தே?

— ஏப்ரல்ல.

— ஏப்ரல்ல நான் இன்னும் அழிக்கவே இல்லையே. எதுக்கு நகல்?

— லாக்வுட் அமிகாவுக்கு ஒரு மாதிரிப் படம் கேட்டான். லண்டன் ஆபீசுல ஒரு குழு போடுறாங்க. அஞ்சாவது கட்டத்தை வரைஞ்சு அனுப்பினேன். திங்கட்கிழமை போய்ச் சேர்றேன்.

— எங்கிட்ட 'உங்களையே நினைச்சுக்கிறோம்'னு சொன்னானே.

— அதுக்கு முன்னாலயே முடிவாயிடுச்சு.

— ஓ. சரி. இல்ல, சரிதான். நாப்பத்தொண்ணு வாங்கினவன் கூட எத்தனை நாள் இருப்பே? ஒரு விஷயம் மட்டும் சொல்லு, தொழில்ல எனக்கு ஒரு ஆர்வம். லண்டன்காரங்களுக்கு வரைஞ்சப்ப இந்த ஓட்டையில என்ன போட்டே? பாறையா?

— ஒரு ஆளு. மணல்ல உக்காந்து சிப்ஸ் தின்கிறான்.

— ஜோக்கு அடிக்காதே.

— ஜோக்கு அடிக்கிறது நான் இல்லையே.

— தொப்பையோடவா?

— தொப்பையோட. கார் போறப்ப தலையைத் திருப்பிப் பாப்பான். 'ஜப்பான் ஆட்டத்துல இவன் இருக்கானா?'ன்னு கேட்டாங்க. இருக்கான்னு சொல்லிட்டேன்.

— அட, மச்சான்... இங்க மட்டும் ஏன் வெத்தா விட்டே?

— உனக்குக் குடுக்கற தாள்ல அவனை வரைய கை வரல.

— அவ்வளவு மனசு இருக்குல்ல. அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தமாஷ் இல்ல, சத்தியமா. நீ எனக்கு ஒருநாளும் நேரா பதில் சொன்னதில்ல, இன்னைக்குச் சொல்லு. அந்தக் குழுவுக்குப் புரோகிராம் எழுதறவனும் வேணும்ல? 'எங்க மாப்ளே ஒருத்தன் இருக்கான்'னு ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தியா? சொல்லலைன்னாலும் பரவாயில்ல. கூச்சமா இருந்திருக்கும், எனக்குப் புரியும். சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

— சொல்ல வேண்டியதே வரல மாப்ளே. அவங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டாங்க. உன்னை வேண்டாம்னு சொன்னது நான்.