ரெண்டு முட்டையும் ஒரு வெள்ளிக்கிழமையும்

— இம்பாபா சந்தையைச் சல்லடை போட்டு சலிச்சாச்சு. இந்த ஆயிஷா சந்தையிலயும் பாதி முடிஞ்சுது. நட சுப்ஹி! இப்படி ஒவ்வொரு கூண்டா குனிஞ்சு பாத்தா பொழுது சாஞ்சுரும்.

— பாக்காம எப்படிப் போறது பய்யூமி? என் பொட்டைப் புறா லூலியா இந்தக் கூண்டுல இருக்கான்னு பலகையா மாட்டியிருக்கான்? அடேய், அந்தக் கிளியப் பாரு! தலையில மஞ்சக் கொண்டை!

— கிளி கிடக்கட்டும். வா.

— அம்மாடி, எத்தன ஆமை! ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு... எங்க வீட்டுச் சின்னது பாத்தா விடவே விடாது.

— வாங்கிக்கோ. உன் புறா முட்டை ரெண்டையும் ஆமை அடைகாக்கட்டும்.

— வயித்தெரிச்சலைக் கிளப்பாதே மாப்ள. பகல்ல அவ ஜோடி, அந்தப் பழுப்பு ஆண் புறா, உக்காருவான், பொழுது சாயற நேரம் லூலியா வந்து மாத்திவிடுவா. நேத்து பறக்க விட்டேன், அவ திரும்பல. பாவம், ராத்திரி முழுக்க அந்தப் பழுப்பனே உக்காந்திருக்கான். தீனிக்குக்கூட எந்திரிக்கல. இன்னிக்கும் அவ வரலன்னா முட்டையை அம்போன்னு விட்டுட்டுப் போயிருவான். அவ போட்ட முதல் முட்டைடா!

— அந்தப் பழுப்பனை நீ பறக்கவே விடறதில்லயே, ஏன்?

— புதுசுடா. மாமா ஊர்லேர்ந்து கொண்டாந்தது. பழகட்டும்.

— ம். லூலியா யார் மாடியில இறங்கினாளோ!

— அதான் நெஞ்சு அடிச்சுக்குது. எவன் மாடியில இறங்கினாளோ அவனுக்குச் சொந்தம், அதான் புறாக்காரங்க வழக்கம். நான் போய்க் கேக்கவும் முடியாது, அவனா குடுத்தா பிச்சை போட்ட மாதிரி. சந்தைக்கு வந்தா காசு குடுத்து வாங்கிக்கலாம், அதுதான் மரியாதை.

— எனக்கே சொல்லித் தர்றியா? என் ஆண் புறா பாஷா போய் மூணு மாசம். பாலாட்டம் வெள்ளை! எவன் விசில் அடிச்சு இழுத்துக்கிட்டானோ, அவன் கூரை இடிஞ்சு விழ! வெள்ளிக்கு வெள்ளி இங்க வந்தே என் செருப்பு தேஞ்சுபோச்சு.

— ...கரும்புச் சாறு குடிக்கிறியா? நான் வாங்கித் தர்றேன்.

— நீயா? உன் காசுலயா? வெயில் மண்டையில ஏறிருச்சா? வா வா, பழைய டயர் கடைக்கு அந்தாண்ட, உம்மு ஹனஃபி அக்காவோட புறாக் கடை. யாராச்சும் வாங்கிட்டுப் போயிறப் போறாங்க!

— எதைடா வாங்கிட்டுப் போவாங்க? உன் புறா தொலைஞ்ச மாதிரியில்ல ஓடற... ஏய்! பய்யூமி! லூலியாடா! அந்த மூங்கில் கூண்டு! செம்புக் கழுத்து, இடது றெக்கையில ஒத்த வெள்ளை இறகு! என் கண்ணே, என் தங்கமே!

— கத்தாதே. வெலையை ஏத்திருவாங்க.

— அக்கா, சலாம். இந்தப் பொட்டை என்ன வெலை?

— நூறு பவுண்டு தம்பி. எடுத்துட்டுப் போ.

— நூறா? இந்த நோஞ்சானுக்கா? அம்பது.

— டேய் சுப்ஹி, குடுத்துத் தொலைடா!

— நீ சும்மா இரு மாப்ள. அம்பது அக்கா. அதுவே ஜாஸ்தி.

— அம்பதா? இதோ நிக்கறாரே சிவப்புச் சட்டை, நானூறு தர்றேன்னு காலைலேர்ந்து என் உசுரை வாங்கறாரு! உன் கூட்டாளி விடியறதுக்குள்ள இதைக் கொண்டாந்து குடுத்து, "என் சிநேகிதன் வருவான், அவனுக்குத்தான் குடுக்கணும், நூறுக்கு மேல கேக்காதே"ன்னு சத்தியம் வாங்கலன்னா—

— அக்கா, அதைப் போய்ச் சொல்றீங்களே!

— என்னத்த அக்கா! அம்பதாம் அம்பது!

— பய்யூமி. நீயா?

— நேத்து என் கூரைல இறங்கிட்டாடா. நான் விசில்கூட அடிக்கல. பாஷாவோட காலிக் கூண்டு திறந்து கிடந்துச்சு, நேரா உள்ள போய் உக்காந்துக்கிட்டா. நான் கையில குடுத்தா நீ வாங்குவியா? ராத்திரி நீ மாடியில நின்னு அழுததை என் கூரைலேர்ந்து பாத்தேன். வேற என்னதான் செய்யச் சொல்ற?

— அக்கா, இந்தாங்க நூறு.

— அட சுப்ஹி, அதுக்கு ஏன் மூஞ்சி தொங்கிப்போச்சு? கிடைச்சுட்டாடா! இப்பவே பஸ் பிடிச்சா அவ அடையில உக்காரற நேரத்துக்குப் போயிரலாம். ஓடு!

— நீயும் என்கூட வா. மாடிக்கு.

— மாடிக்கா? கண்ணு பட்டுரும்னு மூணு மாசமா ஏணிப் பக்கம்கூட என்னை விடலயே!

— அடிக்கறதா இருந்தா இங்கயே அடிச்சிரு மாப்ள, முட்டைகிட்ட வச்சு வேண்டாம். அந்தப் பழுப்பன் பழுப்பே இல்ல, எல்லாம் டீச்சாயம், கழுவினா பாலாட்டம் வெள்ளை. லூலியா வழி தவறி உன்கிட்ட வரலடா, அவ புருஷன் வீட்டுக்குத்தான் வந்திருக்கா.